கோடி எங்கட வீட்டில இருந்த சீசன்

இரும் பிள்ளை. அந்தக் கதிரை வேண்டாம், அதின்ர கால் ஆடும். இதில இரும். தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீரோ? இவருக்குச் சீனி வருத்தம் வந்த நாளில இருந்து நானும் விட்டிட்டன். உமக்குப் போடுறன், இளம் பிள்ளை.

லிண்டா உம்மட்டையும் வந்திட்டாவோ. வருவா எண்டு எனக்குத் தெரியும். ஆர் புதுசா இந்த ஊருக்குக் குடிவந்தாலும், வீட்டில எத்தினை அறை எண்டு விசாரிச்சுக்கொண்டு வந்திடுவா. நல்ல மனுசி. அவவில பிழை சொல்லேலாது, ரீமுக்கு வீடு தேடுறது அவவின்ர வேலை. இந்த ஊர் ஐஸ் ஹொக்கி ரீமில இருபத்துமூண்டு பெடியள், அதில முக்கால்வாசிப் பேர் வெளியூர். பதினாறு வயசிலயிருந்து இருபது வயசு மட்டும். செப்ரெம்பரில இருந்து சீசன் முடியுமட்டும் ஆரேன் ஒரு வீட்டில வைச்சுச் சாப்பாடு குடுத்துப் பார்க்கவேணும். பில்லெற் எண்டு சொல்லுறது அதைத்தான். எடுப்பமோ விடுவமோ எண்டு என்னட்டைக் கேக்க வந்திருக்கிறீர். சரி. நான் ஒருக்கா எடுத்தனான். முழுச் சீசனும் இல்லை, அரைச் சீசன். நடந்ததைச் சொல்லுறன், நீர் கேட்டுப்போட்டு யோசியும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, இதே ஓகஸ்ட் கடைசிதான். லிண்டா வாசல்ல நிக்கிறா. ஒரு குடும்பம் கடைசி நேரத்தில ஏலாது எண்டிட்டுதாம். பெடியன் சஸ்கச்சுவான் பக்கம் ஒரு கோதுமைத் தோட்டத்துப் பிள்ளை, பதினெட்டு வயசு, அடுத்த நாள் பஸ்ஸில வந்து இறங்கப்போறான், போக வீடில்லை. பேர் கோடி.

இவர் பேரைக் கேட்டுட்டுச் சிரிச்சவர். எங்கட ஊரில கோடி எண்டா வீட்டுக்குப் பின்பக்கமெல்லே. "வீட்டுக்கு முன்வாசலால கோடி வருது" எண்டார். இவர் ஒரு வருசத்துக்கு ஒருக்காத்தான் பகிடி விடுறவர். அந்த வருசத்துப் பகிடி அது.

லிண்டா ஒரு கடுதாசி தந்தவ. பெடியனுக்குத் தனி அறை வேணும், கதவு வேணும், வெளிச்சம் வாற யன்னல் வேணும். எங்களுக்கு மேல ரெண்டு அறைதான். ஒண்டு எங்கட, மற்றது மகள் ஆரணியின்ர. கீழ பேஸ்மன்ரில ஒரு அறை இருக்கு, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில. ஆனா அந்த யன்னல் சின்னன், பனி விழுந்தா மூடிப்போடும். அவையின்ர சட்டப்படி அது காணாது எண்டு லிண்டா சொன்னவ. அப்ப பெடியனுக்கு மேல் அறை, ஆரணி கீழ.

அவளைக் கேட்டனான் பிள்ளை. கேக்காமச் செய்யேல்ல. அப்ப அவளுக்குப் பதினாறு, கிரேட் லெவன். "அம்மா, எவ்வளவு நாளைக்கு?" எண்டவள். "ஏப்ரல் மட்டும்" எண்டன். "ஓகே" எண்டிட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கீழ போயிட்டாள். அவ்வளவுதான். அவள் அப்பிடித்தான். சின்னனில இருந்து ஒண்டுக்கும் அடம் பிடிச்ச பிள்ளையில்லை. உம்மட மூத்தவளுக்கு எட்டு வயசு எண்டனீர், என்ன? அந்த வயசில அடம் பிடிக்குங்கள். இவள் பிடிக்கேல்ல. ஒன்பது வயசில ஒருக்கா மட்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையளோட தானும் ஹொக்கிக்குச் சேரப்போறன் எண்டு கேட்டவள். பொம்பிளைப் பிள்ளை, முகத்தில அடிபட்டுப் பல்லு உடைஞ்சா ஆர் பார்க்கிறது. வேண்டாம் எண்டன். அதோட விட்டிட்டாள். ஒரு நாள் அழுதவளோ தெரியேல்ல. பெரிசா ஒண்டும் இல்லை.

கோடி வந்தான். வாசல் அளவு உயரம். அவன்ர பாக் ஒண்டு, அதுக்குள்ள ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம், அந்த மணம் இருக்கே, நாலு நாள் யன்னல் திறந்து வைச்சனான். முதல் நாள் பயந்து பயந்து சோறு மட்டும் சாப்பிட்டவன். மூண்டாம் நாள் கோழிக்கறியைத் தொட்டுப் பார்த்தான். ரெண்டாம் கிழமை, புட்டும் கோழிக்கறியும் கோப்பை நிறைய. விடிய ஆறு முட்டை. கேமுக்குப் போக முந்தி மத்தியானம் ஒரு சட்டி சோறு.

உமக்கு விளங்குதோ தெரியேல்ல. இவர் அளந்து சாப்பிடுறவர். ஆரணி குருவி மாதிரிக் கொறிக்கிறவள். நான் வேலை செய்யிறதும் முதியோர் இல்லத்துக் குசினியில. அங்க எல்லாம் அரைச்சுக் கரைச்சு, உப்பில்லாமல். பன்னிரண்டு வருசம் இந்த ஊரில சமைச்சிருக்கிறன், "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. இவன் கேட்டவன். ஒவ்வொரு நாளும் கேட்டவன்.

முதல்ல மிஸஸ் தவா எண்டுதான் கூப்பிட்டவன். இவரின்ர பேர் தவச்செல்வம், அது அவன்ர வாய்க்குள்ள நுழையேல்ல. பிறகு ஒரு நாள் படியில நிண்டு "அம்மா" எண்டு கூப்பிடுறான். ஆரணி கூப்பிடுறதைக் கேட்டிட்டு, அதுதான் என்ர பேர் எண்டு நினைச்சவனாம். நாங்கள் சிரிச்ச சிரிப்பு. ஆரணியும் மேசையில இருந்தவள். அவள் சிரிச்சவளோ எண்டு ஞாபகமில்லை. அதுக்குப் பிறகு அவள் என்னை அம்மா எண்டு கூப்பிடுறது குறைஞ்சு போச்சு. நேர வந்து நிண்டு கதைப்பாள், கூப்பிடமாட்டாள். வளருற பிள்ளையள் அப்பிடித்தானே.

ரிங்குக்கு, அதுதான் அந்த ஐஸ் மைதானத்துக்கு, முதல் முதல் போனது செப்ரெம்பர் கடைசியில. நாங்கள் மூண்டு பேரும் போனனாங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. பக் எண்டு சொல்லுற அந்தக் கறுப்புத் துண்டு எங்க போகுது, எங்க வருது எண்டே தெரியாது. ஏன் விசில் ஊதுறாங்கள், ஏன் ஒருத்தனைக் கூட்டில அடைச்சு வைக்கிறாங்கள். ஆரணிதான் பக்கத்தில இருந்து சொல்லித் தந்தவள். "இது ஓஃப்சைட். நீலக் கோட்டுக்குப் பக் போக முந்தி ஆள் போகக்கூடாது." இவர் கேட்டார், உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு. தோளைக் குலுக்கினாள். கொம்பியூட்டரில பார்த்திருப்பாள் எண்டு நினைச்சன். எனக்கு விளங்கத் தொடங்கினபிறகு அவள் வாறதை விட்டிட்டாள். படிக்கக் கிடக்கு எண்டாள்.

பில்லெற் குடும்பங்களுக்கு எண்டு தனி இருக்கை பிள்ளை. பெஞ்சுக்குப் பின்னால, மூண்டாவது வரிசை. மற்ற பொம்பிளையள் எனக்கு ஒரு கம்பளி கொண்டுவந்து தந்தவை, ரீமின்ர நிறத்தில. என்ர பேர் குணமலர். அவையளுக்கு அது வராது. "கோடி மம்" எண்டு கூப்பிட்டவை. கடையில காசு வாங்குற பிள்ளை, பன்னிரண்டு வருசம் என்ர முகத்தைப் பார்க்காமல் சாமானைத் தள்ளிவிட்டது, அது என்னைப் பார்த்து, "கோடி நேற்று ரெண்டு கோல் போட்டவன் என்ன" எண்டுது. முதியோர் இல்லத்தில ஒரு கிழவர், என்னோட ஒரு வார்த்தை கதைச்சதில்லை, சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோக நிப்பாட்டி வைச்சுக் கதைக்கிறார். கோடியின்ர இடது கையில நோவாமே, இப்ப எப்பிடியிருக்கு எண்டு. ஊர் முழுக்க என்னைத் தெரிஞ்சுது. எனக்கு எப்பிடியிருந்திருக்கும் எண்டு நீர் யோசிச்சுப் பாரும். நீர் வந்து எத்தினை மாதம், நாலோ? நாலு மாதத்தில உம்மட பேரை எத்தினை பேர் கேட்டவை?

அதுதான்.

டிசம்பர் முதல் கிழமை கோடி ஒரு நாள் குசினிக்குள்ள வந்து சொல்லுறான், "அம்மா, ஆரணி நல்லா ஸ்கேற் பண்ணுறாள், தெரியுமோ?" பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வெளியில ஐஸ் கட்டி விட்டிருக்கிறாங்களே, அங்க கண்டவனாம். பெடியளோட சேர்ந்து விளையாடினவளாம். "கை நல்ல கை" எண்டான். "அவளுக்குப் படிக்கக் கிடக்கு, நீ சாப்பிடு" எண்டன். அவன் தன்ர பழைய ஹொக்கி ஸ்ரிக் ஒண்டை அவளுக்குக் குடுத்திருந்தவன். உடுப்புத் தோய்க்கப் போகேக்க கண்டனான், அவளின்ர கட்டிலுக்குப் பக்கத்தில சாத்தி வைச்சிருந்தவள். நான் எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பி அவன்ர அறைக்குள்ள வைச்சன். ரீமின்ர சாமான். உடைஞ்சாக் கோச்சுக்கு ஆர் பதில் சொல்லுறது? அவள் பள்ளிக்கூடத்தால வந்து பார்த்திருப்பாள். ஒண்டும் கேக்கேல்ல.

பிறகு அந்த ஹீற்றர் கதை. அதைச் சொல்லத்தான் வேணும், நீரும் கீழ ஆரையும் படுக்க வைக்கிறதெண்டா முதல்ல ஹீற்றரைப் பாரும். டிசம்பர் நடுவில மைனஸ் முப்பத்தஞ்சு. கீழ் அறை ஹீற்றர் பழுதாப் போச்சு. எங்களுக்குத் தெரியாது. அவள் சொல்லேல்ல. இவர் ஒரு நாள் விடிய ஏதோ எடுக்கக் கீழ போனவர், போனா, பிள்ளை ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒன்பது நாளாம். ஒன்பது நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் வீட்டிலதானே இருக்கிறன், ஒரு வார்த்தை சொல்லலாமெல்லே? "நீங்கள் மேல பிஸி" எண்டாள்.

கோடி கேட்டிட்டு உடன சொன்னவன், நான் கீழ போறன், அவள் மேல வரட்டும் எண்டு. நல்ல பெடியன். ஆனா அடுத்த நாள் வெள்ளி, எங்கட ரிங்கில கேம். குளிர் பிடிச்சா அவன் எப்பிடி ஓடுறது? வேண்டாம் எண்டன். இவர் ஹீற்றரைத் திருத்தப் பண்ணினார். ஆனா அவளுக்குச் சளி நெஞ்சில இறங்கியிட்டுது. ஆஸ்பத்திரியில மூண்டு நாள் வைச்சிருந்தவை. இவருக்கு அங்க லாப்பில வேலை, வசதியாப் போச்சு. நானும் ஒவ்வொரு நாளும் போனனான். வெள்ளிக்கிழமை மட்டும் போகேல்ல, கேம் எண்டபடியால். இவர் அங்கதானே நிண்டவர். அந்தக் கேமில கோடி மூண்டு கோல். ஒரே கேமில மூண்டு போட்டா எல்லாரும் தொப்பியைக் கழட்டி ஐஸில எறியிறவை. நானும் ஒரு தொப்பியை எறிஞ்சனான். ஆரணிக்குக் கிறிஸ்மஸுக்கு எண்டு பின்னி வைச்ச தொப்பி அது. அந்த நேரம் கையில அதுதான் இருந்தது.

இவர் அண்டைக்கு வீட்டுக்கு வந்து என்னோட கதைக்கேல்ல. களைப்பு எண்டு நினைச்சன்.

இனித்தான் அவங்கள் செய்த வேலை. இதைச் சொல்லத்தான் உம்மை இருத்தினது.

ஜனவரி பத்தாம் திகதி. இந்த லீக்கில அண்டைக்குள்ள பெடியளை ரீமுக்கு ரீம் மாத்தி முடிக்கவேணுமாம். மாடு மாத்துற மாதிரி. எனக்கு ஆரும் அதைச் சொல்லேல்ல. லிண்டாவும் சொல்லேல்ல. பகல் பதினொரு மணி இருக்கும், நான் இறைச்சி வெட்டிக்கொண்டு நிக்கிறன், கோடி போனோட படியால இறங்கி வாறான். முகம் வெள்ளைக் கடுதாசி. "அம்மா, என்னை மாத்திப்போட்டாங்கள்" எண்டான். நாலரை மணித்தியாலத் தூரத்தில ஒரு ரீம். ஒரு மணித்தியாலத்தில வாகனம் வரும்.

ஒரு மணித்தியாலம். முப்பத்தெட்டுக் கேம், பதினேழு கோல், மற்றவை கோல் போட இவன் குடுத்தது இருபத்தொண்டு. நான் ஒண்டும் மறக்கேல்ல. அவ்வளவையும் செய்தவனுக்கு ஒரு மணித்தியாலம். நான் அவன்ர உடுப்பு மடிச்சன். ஈரமாக் கிடந்ததை அப்பிடியே பைக்குள்ள போட்டன். சமைச்சு முடியேல்ல, பாணுக்குள்ள முட்டையைப் பொரிச்சு வைச்சுக் குடுத்தன்.

ஆரணி அண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்ல, அரையாண்டுச் சோதினைக்குப் படிக்க எண்டு நிண்டவள். அவன் கீழ போனான். பத்து நிமிசம் கதைச்சிருப்பினம். என்ன கதைச்சவை எண்டு தெரியாது. மேல வந்து அறைக்குள்ள போய் அந்த ஸ்ரிக்கை எடுத்துக்கொண்டு திரும்பக் கீழ போய் வைச்சிட்டு வந்தவன். என்னைக் கட்டிப்பிடிச்சான். "நான் போன் பண்ணுவன்" எண்டான். போயிட்டான்.

எனக்கு அழுகை வரேல்ல பிள்ளை. பல்லுக் கட்டப் போனா ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பமே, தொடுறது தெரியும், கன்னம் எங்கட மாதிரி இருக்காது, அப்பிடி. அந்த இறைச்சியை வெட்டி முடிச்சன். சமைச்சன். ஒரு சட்டி. ஆர் சாப்பிடுறது எண்டு பிறகுதான் யோசிச்சன்.

பின்னேரம் ஆரணி மேல வந்து கேட்டாள், "நான் என்ர அறைக்கு வரட்டோ?"

பொறு எண்டன். லிண்டா வேற ஒரு பெடியனை அனுப்பினாலும் அனுப்புவா. உன்ர சாமானை ஏத்தி இறக்கி என்னத்துக்கு ரெண்டு வேலை. அவள் வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு அறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சுவரில அவன்ர கேம் அட்டவணை ஒட்டிக் கிடந்தது. "சரி" எண்டிட்டுப் போனாள். பெடியன் ஒருத்தனும் வரேல்ல. அவளும் திரும்பக் கேக்கேல்ல. அவள் திரும்பக் கேட்டிருந்தா நான் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கமாட்டன்.

போன் வருமெண்டு பார்த்தன். ஒரு கிழமை, ரெண்டு கிழமை. மேசையில போனை முகம் மேல பார்க்க வைச்சுக்கொண்டு சமைச்சனான். வரேல்ல. சரி, புது இடம், புதுப் பெடியள். அவன்ர புது ரீம் பெப்ரவரியில இஞ்ச வந்து விளையாட இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு. அட்டவணையில எனக்குத் தெரியும். நான் விடிய எழும்பி ஆட்டிறைச்சி ரோல்ஸ் நாப்பது சுட்டன். அவனுக்கு அதெண்டா உயிர். மூண்டாவது வரிசைக்குப் போனா, என்ர இடத்தில வேற ஒரு பொம்பிளை, அவன்ர இடத்துக்கு மாத்தி வந்த பெடியனை வீட்டில வைச்சிருக்கிறவ. அந்தக் கம்பளி அவவின்ர மடியில. எல்லாரும் "ஹாய்" எண்டவை. ஒருத்தரும் கோடி மம் எண்டு கூப்பிடேல்ல. எப்பிடிக் கூப்பிடுறது, அவன் இப்ப எதிர்ப்பக்கம். நான் மேல போய் இருந்தன். அவன் ஒரு கோல் போட்டான். கை தட்டுறதோ விடுறதோ எண்டு தெரியாமல் ரோல்ஸ் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

முடிய, அந்த ஓடைக்குள்ள நிண்டனான், அவங்கள் உடுப்பு மாத்தி வாற வழியில. வந்தான். புதுப் பெடியளோட. என்னைக் கண்டிட்டு நல்லாச் சிரிச்சான். "ஹாய், மிஸஸ் தவா."

சரி. பெடியளுக்கு முன்னால அம்மா எண்டு கூப்பிட வெக்கமாயிருக்கும். பெட்டியைக் குடுத்தன், வாங்கினான், நன்றி சொன்னான். பிறகு கேட்டான், "ஆரணி எப்பிடி? வியாழக்கிழமை கேமில ரெண்டு கோல் போட்டவளெல்லே. வீடியோ அனுப்பினவள். நான் எங்கட பெடியள் எல்லாருக்கும் காட்டினனான்."

எந்தக் கேம் எண்டு கேக்கேல்ல. எனக்குத் தெரிஞ்ச மாதிரித் தலையை ஆட்டினன். "ஓம், ஓம், நல்லாச் செய்தவள்" எண்டன். அவனை பஸ்ஸுக்குக் கூப்பிட்டாங்கள், போயிட்டான்.

வீட்டை வந்தா, ஆரணி குசினியில நிண்டு பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நிக்கிறாள். கழுத்துக்குப் பக்கத்தில ஒரு கண்டல் காயம், நீலமா. அதை எத்தினை நாளாக் கண்டிருப்பன். "கோடி உன்னைக் கேட்டவன்" எண்டன். "ம்" எண்டாள். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல. கேக்கவேணும் எண்டு வாய் வந்தது. என்னெண்டு தொடங்கிறது எண்டு தெரியேல்ல. அவள் பாணை எடுத்துக்கொண்டு கீழ போயிட்டாள்.

இவரைக் கேட்டன். இவருக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடப் பெட்டையளின்ர ஹொக்கி ரீமில ஒக்டோபரில சேர்ந்தவளாம். இவர்தான் கையெழுத்து வைச்சவராம். பின்னேரம் லைப்ரரியில நிக்கிறாள் எண்டு நான் நினைச்ச நேரமெல்லாம் ஐஸில நிண்டிருக்கிறாள். சின்னனில இருந்தே சிநேகிதப் பிள்ளையின்ர பழைய ஸ்கேற்றில வெளி ஐஸில பழகினவளாம். "இஞ்சாருங்கோ, எனக்கு ஏன் சொல்லேல்ல?" எண்டன்.

"நீர் கேக்கேல்ல" எண்டார். கோவமாச் சொல்லேல்ல. பேப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னவர்.

எல்லாரும் எனக்கு ஒளிச்சிருக்கினம் பாரும். லிண்டா, இவர், பிள்ளை, அந்தப் பெடியன். நான் ஆருக்கு என்ன குறை வைச்சனான்?

போன வருசம் ஓகஸ்டில ஆரணி ஸ்காபரோவுக்கு என்ர தங்கச்சி வீட்டை போயிட்டாள். கிரேட் ருவல்வ் அங்க படிக்கப்போறன் எண்டு. அங்க பெட்டையளுக்கும் இப்பிடி ஒரு ஜூனியர் லீக் இருக்கு, அதில ஒரு ரீம் இவளை எடுத்திட்டுது. தங்கச்சி வீட்டில அவளுக்குத் தனி அறையில்லை, தங்கச்சியின்ர மகளோட ஒரே அறைக்குள்ளதான் படுக்கிறவள். அதுக்குப் பறவாயில்லையாம். போறண்டைக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டவர், ஆறு மணித்தியாலம். எனக்கு அண்டைக்கு வேலை. ஒரு ஆளைப் பதிலுக்குப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கேல்ல.

இவர் மாதத்துக்கு ஒருக்காப் போவார், அவளின்ர கேம் பார்க்க. வந்து ஒண்டும் சொல்லமாட்டார். நானும் கேக்கமாட்டன். கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் வந்து நிண்டவள், சோபாவில படுத்தவள். மேல அறை இருக்கு, போய்ப் படு எண்டன். இதில நல்லாயிருக்கு எண்டாள்.

போன பெப்ரவரியில தங்கச்சியின்ர மூத்தவனுக்குக் கலியாணம், ரொறன்ரோவுக்குப் போகத்தான் வேணும். கலியாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, மத்தியானம் அவளுக்குக் கேம். இவர் வெளிக்கிட்டார். நானும் வாறன் எண்டன். இவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்திட்டுக் கார்க் கதவைத் திறந்து விட்டார்.

பெரிய ரிங், ஆக்கள் குறைவு. தாய் தகப்பன்மார்தான், முப்பது நாப்பது பேர். தனி வரிசை ஒண்டும் இல்லை, விரும்பின இடத்தில இருக்கலாம். பெட்டையள் ஐஸுக்கு வந்தினம். பெடியள் மாதிரி இல்லை பிள்ளை, இவையளுக்கு முகம் முழுக்கக் கம்பிக் கூடு. முகம் தெரியாது. முதுகில பேரும் இல்லை, நம்பர் மட்டும். எல்லாரும் ஒரே உயரம், எல்லாருக்கும் பின்னால தலைமயிர் தொங்குது.

எந்த நம்பர் எண்டு எனக்குத் தெரியாது. இவரைக் கேக்கலாம். பக்கத்திலதான் இருக்கிறார். கேக்க எனக்கு வெக்கமாயிருந்தது. பெத்த பிள்ளையின்ர நம்பரை எப்பிடி ஒரு மனுசனிட்டைக் கேக்கிறது? நானாப் பார்த்துக் கண்டுபிடிப்பன் எண்டு இருந்தன். நடையைப் பார்த்தாத் தெரியாதோ, நான் நடை பழக்கின பிள்ளை. பார்த்துப் பார்த்து ஒருத்தியைப் பிடிச்சன். பதினாலாம் நம்பர். தலையைக் கொஞ்சம் சரிச்சுக்கொண்டு ஓடுறாள், கீழ பார்த்துக்கொண்டு. ஆரணியேதான். வலைக்குப் பின்னால போய், ரெண்டு பேரிட்டையிருந்து பக்கைப் பறிச்சுக்கொண்டு வந்து வடிவாக் குடுத்தாள், மற்றவள் கோல் போட்டாள். நான் எழும்பிக் கை தட்டினன். இவரும் தட்டினவர். அப்ப சரி எண்டு நினைச்சன். கேம் முடியுமட்டும் பதினாலிலயிருந்து கண்ணை எடுக்கேல்ல. ஒருக்கா அவளைச் சுவரோட சேர்த்து இடிச்சாளவை, நான் முன் கதிரையைப் பிடிச்சுக்கொண்டன். எத்தினையோ மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒண்டு உள்ளுக்க அசைஞ்சது.

முடிஞ்சு வெளியில வந்தாள். தலை ஈரம். உயர்ந்திருக்கிறாள். தகப்பனின்ர கையைப் பிடிச்சாள், பிறகு என்னைக் கண்டாள். "நீங்களும் வந்தனீங்களோ" எண்டாள்.

"வந்தனான். பார்த்தனான். நீ அந்த வலைக்குப் பின்னால ரெண்டு பேரிட்டையிருந்து பறிச்சியே, அது நல்ல வடிவு" எண்டன்.

இவர் மற்றப் பக்கம் திரும்பியிட்டார்.

"அது நானில்லை" எண்டாள். "அது மேகன். நான் ஏழு."

றோட்டில ஆரேன் நேரம் கேட்டா எப்பிடிச் சொல்லுவம், அப்பிடிச் சொன்னாள். அதில கோவமே இல்லை. பிறகு பாக்கைத் தோளில போட்டுக்கொண்டு, "நாளைக்குக் கலியாணத்தில சந்திப்பம்" எண்டிட்டு அந்தப் பதினாலாம் நம்பர்ப் பிள்ளையோட சேர்ந்து அவையின்ர காரில ஏறிப் போயிட்டாள். அந்தப் பிள்ளை எங்களுக்குக் கை காட்டினது.

கலியாணம் முடிஞ்சு வீட்டை வந்து யோசிச்சுப் பார்த்தா, கோடியின்ர அட்டவணையில எல்லாக் கேமும் எனக்குப் பாடம். அவளின்ரயில ஒண்டு பார்த்தன், அதையும் பார்க்கேல்ல.

அதுக்குப் பிறகு போகேல்ல. இந்த வெயில் காலம் அங்கயே ஒரு கடையில வேலை செய்தவள். செப்ரெம்பரில யூனிவேசிற்றியும் அங்கதான். இவரோட ஞாயிறு ஞாயிறு கதைப்பாள். நான் போனில வந்தா, சுகமோ எண்டு கேப்பாள். சுகம் எண்டு சொல்லுவன்.

லிண்டாவுக்கு நீர் என்ன சொல்லுறீரோ அது உம்மட விருப்பம். பெடியள் நல்ல பெடியள். மாத்துற திகதியை மட்டும் முதலே கேட்டு வைச்சுக்கொள்ளும், அவங்கள் தாங்களாச் சொல்லமாட்டாங்கள். என்னட்டையும் லிண்டா இந்த முறை கேட்டவ. மேல அறை சும்மாதானே கிடக்கு எண்டு. நான் இன்னும் பதில் சொல்லேல்ல.

என்ன கேட்டனீர்? ஆரணியோ? எந்த இடத்தில நிண்டு விளையாடுறவள் எண்டோ?

கோடி எண்டா இடது பக்கம். லெஃப்ற் விங். மற்றப் பக்கம் ஆள் இல்லாட்டில் அங்கயும் விடுவாங்கள்.

அவள்... எனக்குத் தெரியேல்ல பிள்ளை. ஏழாம் நம்பர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உம்மட தேத்தண்ணி ஆறியிட்டுது, தாரும், சூடாக்கிக்கொண்டு வாறன்.